அட்டவணையில் வரிசையும் பத்தியும்: ஸ்கிரிப்ட் கொண்டு பிரித்தெடுப்பது எப்படி?

கம்ப்யூட்டர் கட்டுரை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எழுதுகிற நானும் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. முப்பது வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். பொழுது போகாமல் இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதில் ஒரு தப்பும் செய்தேன். அந்தத் தப்பைச் சொன்னால்தான் விஷயமும் புரியும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் சங்கத்து உறுப்பினர் பட்டியல் முன்பெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அதை உறுப்பினர் மட்டும் பார்க்கிற மாதிரி இணையப் பக்கத்தில் ஓர் அட்டவணையாக ஏற்றினேன். வீட்டு எண், பெயர், வயது, ரத்த வகை, தொலைபேசி என்று ஐந்து பத்திகள். ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் வீட்டு எண்ணை நாலு தடவை எழுதுவானேன் என்று, அந்த நாலு கட்டத்தையும் சேர்த்து ஒரே நீளக் கட்டமாக்கிவிட்டேன். பார்க்க அம்சமாக இருந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

ரத்த வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்த வகைக்காரர்கள் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும் என்றேன். பொறியியல் படிக்கிற நம்ம பையன் ஒருவன் ஒரே சாயங்காலத்தில் எழுதித் தந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் பேசுவான், படிக்க வராது. அதனால் தலைப்பைப் படித்து எது ரத்த வகைப் பத்தி என்று தேடாமல், "அங்கிள், எத்தனாவது காலம்?" என்று கேட்டான். "இடமிருந்து நாலாவது" என்று சொன்னேன். அவனும் அப்படியே எழுதினான். சோதித்துப் பார்த்தோம், வேலை செய்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு ராத்திரி, உறுப்பினர் ஒருவருக்கு அவசர அறுவை சிகிச்சை. ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டும். ஓ நெகட்டிவ்காரருக்கு ஓ நெகட்டிவ் சிவப்பணுதான் ஏற்ற முடியும், வேறு எதுவும் ஆகாது. நம் நாட்டில் நெகட்டிவ் வகைக்காரர்களே குறைவு. பட்டியலைத் திறந்து தேர்ந்தெடுத்தோம். ஒரே ஒரு பெயர் வந்தது. அவர் ஊரில் இல்லை. கடைசியில் நகரத்தின் இன்னொரு மூலையில் இருந்த ரத்த வங்கியிலிருந்து விடியற்காலை கொண்டுவந்து சேர்த்தார்கள். நோயாளி பிழைத்தார். மறுநாள் நலம் விசாரிக்க வந்தவர்களில், அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே குடியிருக்கிற ஒரு அம்மா சொன்னார்: "நானும் ஓ நெகட்டிவ்தானே! லிஸ்ட்லகூட எழுதிக் கொடுத்திருக்கேனே. ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

எழுதிக் கொடுத்திருந்தார். பட்டியலில் இருக்கவும் இருந்தது. ஸ்கிரிப்டின் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்களைப் பேசிக்கொள்வோம். குறுக்காகப் போவதை இங்கே வரிசை என்றும், மேலிருந்து கீழே இறங்குவதைப் பத்தி என்றும் எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிக் கணக்கில் அணிகள் பாடத்தில் இவற்றுக்கு நிரை, நிரல் என்று அழகான பெயர்கள் உண்டு. ஆனால் கணினித் தமிழில் நிரல் என்றால் புரோகிராம் என்று ஆகிவிட்டது. நிரல் எழுதி நிரலைத் தேடினேன் என்று எழுதினால் உங்களுக்கும் தலை சுற்றும், எனக்கும் சுற்றும்.

இணையப் பக்கத்தை எழுதும் மொழி எச்டிஎம்எல். அதில் அட்டவணை என்பது கட்டம் போட்ட தாள் இல்லை. ஒரு குடும்ப மரம். 'டேபிள்' என்பது பாட்டன். அதற்குள் 'டிபாடி' என்ற உடல் பகுதி. அதன் பிள்ளைகள் 'டிஆர்', அதாவது வரிசைகள். ஒவ்வொரு டிஆருக்கும் பிள்ளைகள் 'டிடி', அதாவது கட்டங்கள். தலைப்புக் கட்டமாக இருந்தால் 'டிஹெச்'. இப்போது கவனியுங்கள். ஒரே வரிசையில் இருக்கிற கட்டங்கள் கூடப்பிறந்தவர்கள். ஆனால் ஒரு கட்டத்துக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் இருப்பவை? பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள்! வரிசைக்கு ஒரு தகப்பன் உண்டு, பெயர் உண்டு, இடம் உண்டு. பத்திக்கு அப்படி ஒரு தகப்பன் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்றாவது பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தினால் நம் கண்ணுக்குப் பத்தியாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இது யாரோ மறந்துபோய் விட்ட குறை அல்ல. எச்டிஎம்எல் என்பது மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாக எழுதப்படுகிற எழுத்து. ஒரு வரிசையை முடித்துவிட்டுத்தான் அடுத்த வரிசைக்குப் போக முடியும். இரண்டு திசையிலும் ஒரே சமயத்தில் எழுத முடியாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வரிசையைத் தேர்ந்தெடுத்தார்கள். அட்டவணைக்கான விரிவான வரைவை டேவ் ராகெட் 1996 மே மாதம் வெளியிட்டார். 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4 அதை அடிப்படையாக வைத்துக்கொண்டது. பத்திக்கென்று 'கால்' என்று ஒரு குறிச்சொல்லும் அதில் உண்டு. ஆனால் அது ஒரு குறிப்புச் சீட்டு மாதிரி. கட்டங்கள் அதன் பிள்ளைகள் அல்ல. அதற்கு நிறம் அடித்தால் பின்னணி மாறும். அகலம், எல்லைக்கோடு சொல்லலாம். பத்தியையே மடக்கி மறைக்கவும் சொல்லலாம். எழுத்தைத் தடிமனாக்கு, வலப்பக்கம் ஒதுக்கு என்றால் கேட்காது. அந்த நான்கைத் தாண்டி கட்டங்களின் மேல் அதற்கு அதிகாரம் இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கியது. பக்கத்தின் குடும்ப மரத்துக்குள் ஸ்கிரிப்ட் எப்படி நடமாட வேண்டும் என்ற பொது விதி 1998 அக்டோபரில் வந்தது. டாம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அட்டவணைக்கு அதில் தனிச் சலுகையே கொடுத்திருக்கிறார்கள். எந்த அட்டவணையிடமும் 'ரோஸ்' என்று கேட்டால் எல்லா வரிசைகளும் கைக்கு வரும். ஒரு வரிசையிடம் 'செல்ஸ்' என்று கேட்டால் அதன் கட்டங்கள் வரும். ஒரு கட்டத்திடம் 'செல்இண்டெக்ஸ்' கேட்டால் தன் வரிசையில் எத்தனாவது பிள்ளை என்று சொல்லும். வரிசையிடம் 'ரோஇண்டெக்ஸ்' கேட்டால் மொத்த அட்டவணையில் எத்தனாவது என்று சொல்லும். வேண்டுமானால் உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, கன்சோல் என்ற இடத்தில் நீங்களே கேட்டுப் பார்க்கலாம். எதுவும் கெட்டுப்போகாது, பக்கத்தை மறுபடி திறந்தால் பழையபடி வந்துவிடும்.

ஆகவே வரிசையைப் பிடிப்பது சுலபம். பத்தியைப் பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு வரிசையாக ஏறி இறங்கி, ஒவ்வொன்றிலும் அந்த எண்ணுள்ள கட்டத்தை எடுக்க வேண்டும். இதற்குக் குறுக்குவழியாக 'என்த்சைல்டு' என்ற தேர்வி இருக்கிறது: தகப்பனுக்கு நாலாவது பிள்ளையாகப் பிறந்த டிடிக்கள் எல்லாம் வாருங்கள் என்று ஒரே வாக்கியத்தில் கூப்பிடுவது. 2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி நூலகத்தால் இது சாதாரண ஜனங்களுக்கும் பழக்கமாயிற்று. பிறகு உலாவிகளே 'குவெரிசெலக்டர்ஆல்' என்ற பெயரில் இந்த வசதியைத் தந்துவிட்டன.

இங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற ஒரு படி இருக்கிறது. 'செல்ஸ்' பட்டியலில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 'என்த்சைல்டு' ஒன்றிலிருந்து தொடங்கும். நம் ஊர் அடுக்குமாடியில் தரைத்தளம் போக அதற்கு மேலே உள்ளதை முதல் மாடி என்கிறோம் அல்லவா? 'செல்ஸ்' அந்த ரகம். கீழ்த்தளத்தையே ஒன்று என்று எண்ணுவது 'என்த்சைல்டு'. நாலாவது பத்திக்கு முதலாவதில் 3, இரண்டாவதில் 4.

இன்னொரு தடுக்கல்: வரிசையின் முதல் கட்டத்தை டிஹெச் ஆக வைத்திருந்தால், 'முதல் பிள்ளையான டிடி' என்று கேட்டால் ஒன்றும் வராது. முதல் பிள்ளை டிஹெச் ஆயிற்றே! பிள்ளைகளில் டிடிக்களை மட்டும் எண்ண 'என்த்ஆஃப்டைப்' என்று தனியாக உண்டு. அதேபோல், நீங்கள் டிபாடி எழுதாமல் டேபிளுக்குள் நேராக டிஆர் எழுதினாலும், உலாவி நம்மைக் கேட்காமலே நடுவில் ஒரு டிபாடியைச் செருகிவிடும். 'டேபிளின் நேர்ப் பிள்ளையான டிஆர்' என்று தேடி ஒன்றும் கிடைக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விழித்திருக்கிறேன்.

இனி நான் செய்த தப்புக்கு வருவோம். கட்டங்களைச் செங்குத்தாக ஒன்றாக்குவது 'ரோஸ்பான்'. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான். 204-ஆம் எண் வீட்டில் மூன்று பேர் என்றால், வீட்டு எண் கட்டம் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, கீழே இரண்டு வரிசைகளில் தன் இடத்தில் துண்டைப் போட்டுவிடுகிறது. திரையில் பார்க்கிற நமக்கு எல்லாம் நேராகத் தெரியும். ஆனால் குடும்ப மரத்தில் அந்த இரண்டு வரிசைகளுக்கும் வீட்டு எண் என்ற பிள்ளையே கிடையாது. முதல் வரிசைக்கு ஐந்து பிள்ளைகள். மற்ற இரண்டுக்கும் நாலு நாலுதான்.

முதல் வரிசையில் நாலாவது கட்டம் ரத்த வகை. இரண்டாவது வரிசையில் பெயர் முதலாவது, வயது இரண்டாவது, ரத்த வகை மூன்றாவது, நாலாவது தொலைபேசி எண்! ஸ்கிரிப்ட் அந்தத் தொலைபேசி எண்ணை 'ஓ நெகட்டிவ்' என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தவில்லை என்று வரிசையை மறைத்துவிட்டது. பிழை என்று எந்தச் செய்தியும் வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்போம்.

இதில் என்னை மிகவும் உறுத்தியது வேறு விஷயம். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் எழுதுவது குடும்பத் தலைவர் பெயரை. அவர் வரிசையில் மட்டும்தான் ஐந்து கட்டங்கள். ஆக அந்த ஆறு மாதமும் தேடலில் வந்தவர்கள் எல்லாம் தலைவர்கள்தான். அவர்கள் மனைவி, பிள்ளைகள் ஒருவர்கூட வந்ததில்லை. எங்களில் யாருக்கும் அது வித்தியாசமாகவும் படவில்லை. அந்த அம்மாவும் தன் வீட்டில் இரண்டாவது வரிசை.

சரி, திருத்துவது எப்படி? உலாவி திரையில் வரைகிறபோது என்ன செய்கிறதோ அதையே நாமும் செய்ய வேண்டும். கையில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாக வாருங்கள். ஒவ்வொரு கட்டத்தையும், அந்த வரிசையில் இடமிருந்து காலியாக இருக்கும் முதல் இடத்தில் உட்கார வையுங்கள். அந்தக் கட்டத்துக்கு ரோஸ்பான் மூன்று என்றிருந்தால், அடுத்த இரண்டு வரிசைகளிலும் அதே இடத்தில் துண்டு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்காக இணைக்கிற 'கால்ஸ்பான்' இருந்தால் பக்கத்து இடங்களையும் சேர்த்துப் பிடியுங்கள். அடுத்த வரிசைக்கு வரும்போது துண்டு கிடக்கிற இடத்தைத் தாண்டி, அதற்கடுத்த காலி இடத்தில் உட்கார வையுங்கள். 204-இன் இரண்டாவது வரிசையில் பூஜ்யமாவது இடத்தில் துண்டு கிடக்கிறது. எனவே பெயர் 1-க்கும், வயது 2-க்கும், ரத்த வகை 3-க்கும், தொலைபேசி 4-க்கும் போகும். எல்லா வரிசையிலும் ரத்த வகை இப்போது 3-இல்தான். துண்டு ஒரு டிபாடியின் எல்லையைத் தாண்டி அடுத்த டிபாடிக்குப் போகாது என்பதை மட்டும் நினைவில் வைக்கவும். 'செல்இண்டெக்ஸ்' இந்த வேலையைச் செய்து தராது. அது பிறப்பு வரிசையைச் சொல்லுமே தவிர உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்லாது.

இந்தத் தாளை ஸ்கிரிப்டில் எழுத இருபது வரிகூட ஆகாது. பையனிடம் சொன்னேன், பத்து நிமிஷத்தில் முடித்தான். அவனிடம் தப்பே இல்லை. கட்டத்தைச் சேர்த்து ஒட்டியவன் நான், சொல்லாமல் விட்டவனும் நான்.

பத்தியை எண்ணால் குறிப்பதைவிடத் தலைப்பால் தேடுவது நல்லது. நாளைக்கே யாராவது வயதுக்குப் பக்கத்தில் சொந்த ஊர் என்று ஒரு பத்தி சேர்த்தால் எண் மாறிவிடும், தலைப்பு மாறாது. தலைப்பு வரிசையில் 'ரத்த வகை' என்று எழுதியிருக்கும் கட்டம் எத்தனாவது இடம் என்று முதலில் கண்டுபிடித்து, அந்த இடத்தை மற்ற வரிசைகளில் பார்க்க வேண்டும். ஒப்பிடுமுன் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடங்களை 'டிரிம்' செய்துவிடுங்கள். தமிழ் எழுத்தில் கூடுதலாக ஒரு சங்கடம்: 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. 'நார்மலைஸ்' என்று ஒரு கட்டளை இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

பொருந்தாத வரிசையை மறைக்க 'டிஸ்ப்ளே' என்பதை 'நன்' ஆக்க வேண்டும். திரும்பக் காட்ட 'பிளாக்' என்று எழுதினால் வரிசை கோணிக்கொண்டு, கட்டங்கள் எல்லாம் முதல் பத்திக்குள் நெருக்கியடித்து நிற்கும். எதுவும் எழுதாமல் வெறுமையாக விட்டால் போதும், தன் இயல்புக்குத் திரும்பிவிடும். வீட்டு எண் ஒட்டிய பட்டியலில் முதல் வரிசையை மறைத்தால் வீட்டு எண்ணும் கூடவே மறைந்துபோகும், அதையும் கவனிக்க வேண்டும்.

மறைக்காமல் அழிப்பதானால் கீழிருந்து மேலாக அழியுங்கள். 'ரோஸ்' என்பது உயிருள்ள பட்டியல். டிக்கெட் கவுண்டர் கியூ மாதிரி மூன்றாவது ஆள் விலகினால் நாலாவது ஆள் மூன்றாவது ஆகிவிடுவார். நீங்கள் அடுத்ததாக நாலாவது ஆளைப் பார்த்தால், ஒருவர் சோதிக்கப்படாமலே தப்பிவிடுவார். 'குவெரிசெலக்டர்ஆல்' தருவது அப்படி இல்லை. அது எடுத்த நேரத்துப் புகைப்படம், பிறகு மாறாது.

தொகைப் பத்தியைக் கூட்டும்போது கணக்குப்பிள்ளை புத்தி வேண்டும். சந்தா 1,500 என்று கமாவோடு எழுதியிருந்தால் 'பார்ஸ்இன்ட்' அதை ஒன்று என்று படிக்கும். கமாவைக் கண்டதும் நின்றுவிடும். முப்பது பேர் ஆயிரத்து ஐந்நூறு கட்டியிருக்க, மொத்த வசூல் முப்பது ரூபாய் என்று வந்தால் பொருளாளர் முகம் எப்படி இருக்கும்? கமாவை எல்லாம் நீக்கிவிட்டுத்தான் எண்ணாக்க வேண்டும்.

பெயர்ப் பத்தியை அகர வரிசையில் அடுக்கவும் ஆசை வரும். சும்மா அடுக்கச் சொன்னால் யூனிகோட் எண்களின்படி அடுக்கும். அதில் ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே இருக்கிறது. ன, ந-வை அடுத்து இருக்கிறது. சுந்தரிக்கும் ஞானத்துக்கும் இடையில் ஜானகி போய் உட்காருவார். 'லோக்கேல்கம்பேர்' என்ற கட்டளையில் மொழி தமிழ் என்று குறிப்பிட்டால், நம் அகராதி முறைப்படி வேலுவுக்கும் பின்னால் ஜானகி வருவார். ஆனால் ஒட்டிய கட்டங்கள் உள்ள அட்டவணையை அடுக்கவே கூடாது. வீட்டு எண் கட்டம் தன் வரிசையோடு எங்கேயோ போய், யார் யாருடைய இடத்திலோ துண்டைப் போட்டுவிடும். நான் ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். அந்த அட்டவணையின்படி எங்கள் வீட்டில் என் மனைவி இல்லை. மூன்றாம் மாடி ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார்.

கடைசியில் ஸ்கிரிப்டையும் திருத்தினோம், அட்டவணையையும் மாற்றினோம். இப்போது வீட்டு எண் ஒவ்வொரு வரிசையிலும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. 204, 204, 204 என்று. பழைய அழகு போச்சு என்று செயலாளருக்கு இன்றுவரை குறைதான். ஓ நெகட்டிவ் என்று தேர்ந்தெடுத்தால் முன்பு ஒரு பெயர் வந்த இடத்தில் இப்போது நாலு பெயர் வருகிறது. இரண்டாவதாக வருவது அந்த அம்மாவின் பெயர்.